கப்பல் இன்னும் வராத தண்ணீர்

முதலில் சத்தம்தான் வந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. நீளமாக ஒரு சீறல், நடுவே ஒரு விக்கல், மறுபடியும் சீறல். நெஞ்சுச் சளியோடு யாரோ ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டதுபோல. தூக்கத்துக்குள் அது ஒரு கப்பலின் வயிற்றிலிருந்து வந்தது. நான் கிரேன் கூண்டில் உட்கார்ந்து, காலுக்கு இடையிலிருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே கப்பலைக் காணவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. பிறகு வெக்கை தெரிந்தது, முதுகோடு ஒட்டிய பாய் தெரிந்தது, பகலை மறைக்க ஜன்னலில் மாட்டியிருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தில் வெயில் ஒரு கம்பி மாதிரி நிற்பது தெரிந்தது. குழாய்தான். கீழே முற்றத்துக் குழாயில் காற்று வருகிறது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சி வெயிலில், ராத்திரி வேலைக்காரனுக்குத் தூக்கம் பிடிக்கிற நேரமாகப் பார்த்து. காற்று வந்துவிட்டால் தண்ணீர் வரும், ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, சில நாள் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள், சில நாள் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம். அதனால் குடத்தை முதலிலேயே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எழுந்தேன். கைலியை இறுக்கிக் கட்டினேன். என் மனைவி பனிமயத்தின் செருப்பு வாசலில் இல்லை, அவள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், ரத்தம் சுத்திகரிக்கும் மிஷின்கள் இருக்கிற பிரிவில் நர்ஸ், நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வெளியேறுவாள், பல வருஷமாக எங்கள் குடும்பம் மாடிப்படியில்தான் நடக்கிறது. இன்று காலையும் அந்தப் படியில்தான் கேட்டாள். "என்ன முடிவு பண்ணீரு?" "தூங்கி எந்திச்சுச் சொல்லுதேன்." "நீரு தூங்கி எந்திக்கதுக்குள்ள நான் மால்டா போய்ச் சேந்துருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைப்பிடிச் சுவரில் வைத்த கையை அவள் உடனே எடுக்கவில்லை.

குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிக் குடத்தை வைத்துவிட்டு, படியில் நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். குடத்தின் வாய் குழாயின் வாயைப் பார்த்தபடி காத்திருந்தது. மால்டா தீவில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் சொல்லியாக வேண்டும். அவள் மட்டுமா, அல்லது புருஷனுக்கும் சேர்த்து விசாவுக்குத் தாள் போடுவதா. அவள் போவது போவதுதான், அதில் கேள்வி கிடையாது. அந்தத் தீவிலும் துறைமுகம் இருக்கிறதாம், கிரேன் இருக்கிறதாம், அவளே எங்கெங்கோ விசாரித்து வைத்திருக்கிறாள். "வாறது உம்ம இஷ்டம், வரலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன், ஆனா வாயத் தொறந்து சொல்லும், சொல்லாம இருக்காதயும்." பிள்ளை இல்லாத வீட்டில் ஒருத்தர் வாயைத் திறக்காவிட்டால் மொத்த வீடும் வாயைத் திறக்காது. போகாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவன், இங்கிலீஷில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் வேர்த்துவிடுகிறவன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளுக்குக் கம்பி இறுக்குகிற கூலியாகப் போய், ஆபரேட்டருக்கு டீ வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறி ஏறி, அவர் கையையே பார்த்துப் பார்த்து யாரும் சொல்லிக் கொடுக்காமல் கிரேனைப் படித்தவன். இந்த ஒரு கிரேன் எனக்குத் தெரியும். அங்கே இருக்கிற கிரேனுக்கு என்னைத் தெரியுமா. குழாய் விக்கியது. நான் போனை எடுத்தேன். இதுதான் இப்போதைய வியாதி. யோசிக்க வேண்டியது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கை போனை எடுக்கிறது, போனுக்குள் கடல் இருக்கிறது, கடலுக்குள் என் கப்பல்.

சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல். முன்னால் இரண்டு பீரங்கி மேடை, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்று குழல். வேலையில் இருக்கும்போது கப்பல் வரத் தாமதமானால் மேலே கூண்டில் சும்மா உட்கார்ந்திருப்போம், அப்படி ஒரு நேரத்தில் போனில் இறக்கிய விளையாட்டு. முதல் நாள் அதைத் திறந்தபோது நான் விளையாடவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தவன் நான், கடலைப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கிரேன்காரன் பார்வை கீழே போகும், நெட்டுக்குத்தாக, இரண்டு பாதத்துக்கு நடுவில், கண்ணாடிக்குக் கீழே, தொங்குகிற பெட்டியின் நாலு மூலைக்கு. பிடரியில் எனக்கு ஒரு கட்டி மாதிரி வலி நிரந்தரமாக இருக்கிறது, குனிந்து குனிந்து. இதில் கடல் எதிரே படுத்திருந்தது. அகலமாக, ஒரு கோடுவரைக்கும். கோட்டில் ஒரு புள்ளி, புள்ளிக்கு மேலே ஒரு இழை புகை. அந்தப் புள்ளிதான் எதிரி. அதைச் சுட வேண்டும். தூரக்கண்ணாடியை நெருக்கிப் பார்த்தால் புள்ளி கப்பலாகி விடுகிறது, கம்பங்கள், புகைக்கூண்டு, பக்கவாட்டில் வெள்ளையாகத் தண்ணீர் கிழிவது எல்லாம் தெரிகிறது. நடுவில் ஒரு குறுக்குக் கோடு, கோட்டில் அடிக்கோலில் இருப்பதுபோல் சின்னச் சின்னக் கீறல்கள். கப்பலின் நடு வயிற்றில் குறுக்குக் கோட்டை வைத்து விரலை அழுத்தினேன். இடி மாதிரி ஒரு சத்தம். குண்டுகள் போயின. போயின என்றால் சட்டென்று போய்விடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவை ஏறின, மெதுவாக, வானத்தில் சிவப்புப் பொட்டுகளாக, ஒரு மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி வரிசைபோல, உச்சியில் கொஞ்சம் யோசித்தன, பிறகு இறங்கின. அவை இறங்கிய இடத்தில் கப்பல் இல்லை. கப்பல் தன்பாட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதன் வாலுக்குப் பின்னால், அது உழுதுவிட்டுப் போன நுரையின் மேல், வெள்ளைத் தூண்களாகத் தண்ணீர் எழுந்து நின்று, நின்று, சரிந்தது.

அதற்குப் பிறகு வாரக் கணக்கில் நான் நுரையைத்தான் சுட்டேன். குறி தப்பினால் கோபம் வரும், கோபத்தில் குண்டைத் திட்டுவேன், ஒரு நாள் "போ மூதேவி, எங்க போற நீ" என்று கத்தியபோது காதில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஆர் மூதேவி? என்னையோ சொல்லுறியள்?" பயந்தே போனேன். மைக் திறந்திருந்திருக்கிறது. என் அணியிலேயே இன்னொரு கப்பல் ஓட்டுகிற பெண், சாந்தரூபியாம், கனடாவில் ரொட்டிக் கடையில் வேலையாம், விடியப்புறம் அடுப்புப் பற்ற வைக்க வேண்டியவள், அங்கே சாமமாக இருக்கும்போது தூக்கம் வராமல் விளையாடுவாளாம். பிறந்த ஊர் திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையாம். எனக்கும் அவளுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் முதல் பேச்சிலேயே என்னை அண்ணை ஆக்கிவிட்டாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ, நான் கன நேரமாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் கப்பலுக்கு அடிக்கேல்லை. கப்பல் இருந்த இடத்துக்கு அடிக்கிறியள். அவன் உங்களுக்காக அங்கை நிண்டுகொண்டிருப்பானே?" சிரித்தாள். "முன்னுக்கு அடியுங்கோ. ஒண்டுமில்லாத தண்ணிக்கு அடியுங்கோ. அவன் வந்து வாங்குவான்." ஒன்றும் இல்லாத தண்ணீருக்கு. நான் அன்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன், சைக்கிளில், உப்பளங்களைத் தாண்டி, துறைமுகக் கேட்டைத் தாண்டி. புரிந்தது. புரிவதில் ஒன்றும் சிரமமில்லை. குண்டு போய்ச் சேர எட்டு ஒன்பது வினாடி ஆகிறது, அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும், எவ்வளவு நகருமோ அவ்வளவு முன்னால் சுட வேண்டும், குறுக்குக் கோட்டில் இருக்கிற கீறல்கள் அதற்குத்தான், வேகமான கப்பலுக்கு அதிகக் கீறல், மந்தமானதற்குக் குறைச்சல், நம்மைப் பார்த்து வருகிறதென்றால் ஒன்றுமே வேண்டாம். மூளைக்குப் புரிந்தது. கை கேட்கவில்லை. கை ஒவ்வொரு தடவையும் முன்னால் போகும், வெறுந்தண்ணீரைப் பார்க்கும், கூசும், திரும்பிக் கப்பலின் வயிற்றுக்கே வந்து நிற்கும்.

ஏன் என்று தெரிய எனக்கு நாள் பிடித்தது. கூண்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு ராத்திரி தெரிந்தது. தொங்குகிற பெட்டி ஆடும். காற்றுக்கு ஆடும், நாம் நிறுத்தினால் ஆடும், புதுசாக ஏறுகிறவன் பெட்டி முன்னால் போனால் தானும் பின்னாலேயே துரத்துவான், அது இன்னும் ஆடும், கீழே நிற்கிறவர்கள் தாயைச் சேர்த்துத் திட்டுவார்கள். நான் படித்த முதல் பாடமே துரத்தாதே என்பது. கையை எடுத்துவிடு. மூச்சை விடு. அது போகும், போய் ஒரு இடத்தில் நிற்கும், திரும்பி வரும். திரும்பி வந்து உன் காலுக்குக் கீழே, நேர் கீழே, கடந்து போகும். அந்த நேரத்தில் இறக்கு. என் கையில் இந்த ஒரு ஞானம்தான் இருக்கிறது, கயிற்றில் தொங்குகிற எதுவும் திரும்பி வரும் என்கிற ஞானம், அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஒருத்தன் தலையிலும் ஒரு பெட்டியையும் போடாமல் வீடு வந்திருக்கிறேன். அதனால் என் கை அந்தச் சாம்பல் கப்பலையும் பெட்டி என்று நினைக்கிறது. போகட்டும், திரும்பி வரும், நடுவில் பிடித்துக்கொள்ளலாம். அதற்குக் கயிறு இல்லை என்று கைக்கு எப்படிச் சொல்வது. அன்று அங்கேயே உட்கார்ந்து பனிமயத்தை நினைத்தேன். நினைக்காமல் எப்படி. கல்யாணமான புதிதில் ஒரு சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணப்பாட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை, சாயங்காலம் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். வேலையை விடுகிறேன் என்றாள், விடவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்றாள், பார்த்தோம், இங்கேயேதான் இருக்கிறோம். எல்லாம் ஆடிவிட்டு நடுவுக்கு வந்தது. மால்டா என்று அவள் சொன்னபோதும் நான் கையை எடுத்துவிட்டு, மூச்சை விட்டுவிட்டு, உட்கார்ந்துகொண்டேன். பரீட்சை எழுதினாள். உட்கார்ந்திருந்தேன். போனில் ஆள் பார்த்துக் கேள்வி கேட்டார்கள், சேலையைக் கட்டிக்கொண்டு தலையை வாரிக்கொண்டு சுவரைப் பார்த்து இங்கிலீஷில் பேசினாள், நான் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அவள் குரலைக் கேட்டேன். எனக்குத் தெரியாத குரல். நெஞ்சில் என்னவோ ஏறியது. பயமா பெருமையா, இப்போது கேட்டாலும் தெரியாது.

"அண்ணாச்சி, தண்ணி வந்துட்டா?" தலைக்கு மேலே, எங்களுக்கும் மேல் மாடிவீட்டு சண்முகக்கனி. கைப்பிடிச் சுவரில் மார்பைச் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். "காத்துதான் வருது." "வந்தா ஒரு சத்தம் குடுங்க. போன்ல கப்பல் ஓட்டுதீயளா? கப்பல்ல வேலைக்குப் போயிட்டு வந்து வீட்ல வந்தும் கப்பலா? அக்கா கேட்டா என்ன சொல்லுவா?" "அக்காதான் பெரிய கப்பல் பிடிக்கா, நான் சின்னக் கப்பல் ஓட்டுதேன், உனக்கென்ன." அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டு உள்ளே போனாள். புரிந்திருந்தால் நன்றாயிருக்காது. பனிமயம் இன்னும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. காதில் சாந்தரூபி வந்துவிட்டாள். "அண்ணை நிக்கிறியளே? நல்ல நேரம். இண்டைக்கு உங்களுக்கு நான் ஒரு ஆளைத் தாறன், பெரிய ஆள், நேராய்த்தான் போறான், பயப்பிடாமல் அடியுங்கோ." தீவுகள் நிறைந்த கடல். பாறைத் தீவுகள், உச்சியில் கொஞ்சம் பச்சை. இடதுபக்கம் தூரத்தில் ஒரு நீளமான கப்பல், வலதுபக்கமாக நகர்கிறது. "எல்லாத்தையும் ஒரேயடியாய் விடாதையுங்கோ. ஒரு குழலை மட்டும் விட்டுப் பாருங்கோ முதல். எங்கை விழுகுதெண்டு தெரிஞ்சால் மிச்சத்தை விடலாம்." புகைக்கூண்டைப் பார்த்தேன், புகை பின்னால் படுத்து ஓடுகிறது, வேகம்தான். மூக்கில் வெள்ளைத் தண்ணீர் மீசை மாதிரி. ஆறு கீறல், ஏழு கீறல். கையை முன்னால் தள்ளினேன். வெறுந்தண்ணீர். நீலமாக, யாருக்கும் சொந்தமில்லாமல், கண்ணாடிக்குள் அசைந்துகொண்டு. கட்டைவிரல் கூசியது. இங்கே எதற்கு. இங்கே யாரும் இல்லையே. கூடத்தில் யாரும் இல்லாதபோது பேசுவது மாதிரி வெட்கமாக இருந்தது, நான் விரலை அழுத்தும் முன்னால் அது தானாகப் பின்னால் வழுக்கி வந்தது, மூன்று கீறல், இரண்டு, ஒரு குண்டு போயிற்று. ஏறியது, யோசித்தது, விழுந்தது. நுரையில். கப்பலின் வாலுக்குப் பின்னால், ஒரேயொரு வெள்ளைத் தூண்.

"அச்சா," என்றாள் சாந்தரூபி. அவர்கள் பேச்சில் நல்லது என்று அர்த்தம், அலுப்பில் சொன்னாளா என்று தெரியவில்லை. பிறகு வேறு குரலில், ரொட்டியைத் திருப்பிப் போடுகிறவள் கையைப் பார்த்துக்கொண்டே பேசுவதுபோல, "உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே அண்ணை? எங்கட ஊருக்குக் கடலிலை இருந்து அடிப்பாங்கள். உண்மையாய். சண்டைக் காலம். முதல் சத்தம்தான் வரும். ஒண்டும் தெரியாது, கப்பலும் தெரியாது, சத்தம் மட்டும். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளை எங்கையாவது ஓடவேணும். அம்மா எங்களை எங்கை இழுத்துக்கொண்டு ஓடுவா எண்டு நினைக்கிறியள்? போன முறை விழுந்த குழிக்குள்ளை. அதே இடத்திலை திரும்ப விழாது எண்டு அவவின்ரை கணக்கு." நான் விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். "நீங்கள் ஒவ்வொரு முறையும் அடிக்கிறது அந்தக் குழிக்குத்தான் அண்ணை. அங்கை அம்மாவும் நானும் தம்பியும்தான் இருப்பம். உங்களாலை அந்தக் கப்பலுக்கு ஒரு ஆபத்தும் வராது, எங்களுக்குத்தான்." சொல்லிவிட்டு அவளே பெரிதாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த போன் கனத்தது. இதை எப்படி இவள் விளையாடுகிறாள், சத்தம் கேட்கும்போது அவளுக்கு என்ன ஆகும், கேட்டுவிடலாம், கேட்கவில்லை. ஒருவேளை இந்தப் பக்கத்தில், குழலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கும். குண்டு எப்படி நினைக்கிறது என்று. குழாயில் காற்று நின்றுவிட்டது. நின்று, எங்கோ மண்ணுக்குள் தூரத்தில் ஒரு குடுகுடு. நான் குழியை நினைத்தேன். ஓரங்கள் கருகி, உள்ளே மணல் இன்னும் சுடச்சுட இருக்கிற குழி, அதில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைச் சிறகுக்குள் போட்டுக் குனிந்திருக்கிறாள். ஏற்கெனவே நடந்து முடிந்துபோன இடம். அந்த அம்மாவின் கணக்கில் அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை. நான் எங்கே படுத்திருக்கிறேன். மணப்பாட்டிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு அவள் வந்து நின்ற அந்தச் சாயங்காலத்துக்குள், அந்தக் குழிக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாக. என் பக்கம் ஒன்றும் விழாது. யாரும் வரவும் மாட்டார்கள்.

"அண்ணை, அவன் மறையப் போறான்!" நீளமான கப்பல் ஒரு தீவுக்குப் பின்னால் நுழைந்துகொண்டிருந்தது. மூக்கு போயிற்று, முன் மேடைகள் போயின, புகைக்கூண்டு, கம்பம், வால். பாறைக்கு மேலே புகை மட்டும் கொஞ்ச தூரம் நகர்ந்தது, அதுவும் கலைந்தது. ஒன்றுமில்லை. கடல், தீவு, வெயில். தீவின் மறுமுனையில் ஒரு வாய், இரண்டு பாறைகளுக்கு இடையே கொஞ்சம் தண்ணீர் மின்னுகிறது. "மறுபக்கத்தாலை வருவான். நிக்க மாட்டான், பின்னுக்கு எங்கட ஆக்கள் துரத்தினம். திரும்பவும் மாட்டான், இடமில்லை." தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. ஆனால் நின்றுவிட்டால்? இஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பாறைக்குப் பின்னால் அவன் சிரித்துக்கொண்டிருந்தால்? அவனும் எங்கோ ஒரு ஊரில் ஒரு படியில் உட்கார்ந்து ஒரு விரலை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன்தான். முன்னால் சுடுவது என்றால் வெறும் கணக்கில்லை என்று அப்போது எனக்குப் பிடிபட்டது. அவன் போகிறவன் என்று நம்ப வேண்டும். அவன் நிற்பான் என்று மனசுக்குள் ஆசை வைத்துக்கொண்டு முன்னால் சுட முடியாது, கை வழுக்கத்தான் செய்யும். குறுக்குக் கோட்டைத் தீவின் மறுவாய்க்குக் கொண்டு போனேன். கூச்சம் வந்தது. இந்தத் தடவை கையை எடுக்காமல் கூச்சத்தோடேயே வைத்திருந்தேன். பாறைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் அவன் போய்க்கொண்டிருப்பதை மனசில் ஓட்டினேன், மூக்கில் வெள்ளை மீசையோடு, புகை பின்னால் படுக்க, இப்போது நடுவில் இருப்பான், இப்போது முக்கால். பனிமயம் சுவரைப் பார்த்து இங்கிலீஷ் பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டது மாதிரி. ஒரு குழலை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் விட்டேன். இடி. சிவப்புப் பொட்டுகள் ஏறின. ஏறுகிறபோது அவற்றுக்குப் போக ஒரு இடமும் இல்லை. வானத்தில் ஒன்பது சிவப்புப் பொட்டுகள், கீழே யாரும் இல்லாத ஒரு முழம் தண்ணீர், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான்தான் சம்பந்தம், என் நம்பிக்கை மட்டும்தான் சம்பந்தம். மூச்சு நின்றது. வெயில் நின்றது, தெருவில் ஐஸ்காரன் மணி நின்றது. உச்சியில் அவை யோசித்தன. இறங்கத் தொடங்கின. அப்போதும் அங்கே யாருமில்லை. பாதி வழி. யாருமில்லை. பிறகு பாறையின் ஓரத்தில், மெதுவாக, ஒரு மூக்கு.

அதை எப்படிச் சொல்வது. வந்தது. யாரும் கூப்பிடாமல், எதுவும் தெரியாமல், தன் வழியில் போகிற ஒன்று, நான் அதற்காக முன்னமே தயார் பண்ணி வைத்த ஒரு இடத்துக்கு வந்தது. குண்டும் கப்பலும் ஒரே நேரத்தில் அந்த ஒரு முழம் தண்ணீருக்கு வந்து சேர்ந்தன. சில குண்டு முன்னால் விழுந்தது, சில பின்னால், எல்லாம் ஒன்றாக விழாது, அது அப்படித்தான். நடுவில் இரண்டோ மூன்றோ. ஆரஞ்சாக ஒரு பூ, அதற்குப் பின்னால் கறுப்பு. "ஐயோ அண்ணை!" சாந்தரூபி கத்தினாள், "அண்ணை, தீவுக்கு அங்காலை! காணாமல் அடிச்சிட்டியள்! காணாமல்!" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. கப்பல் எரிந்ததற்கு அல்ல, அதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. எட்டு வினாடிக்கு முன்னால் அந்தத் தண்ணீர் வெறுந்தண்ணீராக இருந்தது என்பதுதான். சாயங்காலம் இன்னும் வரவில்லை. படி வெறுமையாக இருக்கிறது. நாலரைக்கு அவள் செருப்புச் சத்தம் இந்தப் படியில் வரும், கைப்பிடிச் சுவரில் கை வைப்பாள், என்ன என்பாள். அதற்குப் பிறகு ஒரு விமான நிலையம், ஒரு தீவு, உப்புக் காற்றில் துணி காய்கிற ஒரு மாடி, எனக்குத் தெரியாத குரலில் பேசுகிற ஒருத்தி அதில் ஏறி வருவாள். அந்த மாடி இப்போது அங்கே இருக்கும். யாரும் இல்லாமல், வெயில் பட்டுக்கொண்டு. அதில் ஒரு குடம்கூட இல்லை.

"அண்ணை, நிண்டு பிடிக்காதேங்கோ, இடம் மாறுங்கோ, உங்களைப் பார்த்திட்டாங்கள்." "ஒரு போன் பேசணும் தங்கச்சி." "இப்பவோ? சண்டைக்கு நடுவிலையோ? உங்கட கப்பலை என்ன செய்யிறது?" "அது நேராப் போகட்டும்." விளையாட்டைத் தள்ளிவிட்டேன், கடல் சுருங்கிப் போனின் மூலைக்குள் போயிற்று, பனிமயத்தின் எண்ணை அழுத்தினேன். நீளமாக மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே காதில் வைத்திருந்தேன். எடுத்தாள். பின்னால் மிஷின்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் கீச்சிட்டன. "என்ன? தண்ணி வந்துட்டா?" "இல்ல, காத்துதான் வந்துச்சு, அதுவும் நின்னு போச்சு." "அதச் சொல்லவா போன் பண்ணீரு? நான் ஊசி போட்டுட்டு நிக்கேன்." "இல்லட்டீ. அந்த ஏஜெண்டு இருக்கான்லா." "இருக்கான்." "அவன்கிட்ட என் பேரையும் சேத்துக் குடுத்துரு." ஒன்றும் இல்லை. அவள் மூச்சு இல்லை, பதில் இல்லை, மிஷின்கள் மட்டும். சொல் போய்விட்டது, இனிமேல் கூப்பிட முடியாது, அது எங்கோ உச்சியில் ஏறி நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது, ஊர் மேலே, உப்பளங்களுக்கு மேலே, இதுவரை எனக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் மேலே. நான் கீழே பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன். "நீரு தூங்கி எந்திச்சிட்டீரா," அவள் குரல் வந்தது, கொஞ்சம் கரகரத்து, "இல்ல தூக்கத்துல பேசுதீரா?" "எந்திச்சிட்டேன்." "உறுதியாவா?" "உறுதியாட்டீ." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம், யாரிடமோ 'ஒரு நிமிசம்மா' என்றாள். "கிரேன் லைசென்ஸ் எங்க வச்சிருக்கீரு?" "பீரோவுல. உன் பட்டுச் சேலைக்கு அடியில." "அங்க எதுக்குக் கொண்டு வச்சீரு?" "பத்திரமா இருக்கும்னு." "நல்ல பத்திரம். எடுத்து வையும். அங்க போய்க் குளிருது வேர்க்குதுன்னு என் உசுர எடுத்தீருன்னா பாத்துக்கிடும். சரி வைக்கேன், டாக்டர் வாராரு." வைப்பதற்கு முன்னால், "குடத்தத் தேச்சு வச்சீரா? பாசி பிடிச்சுக் கெடந்துச்சு," என்றாள்.

தேய்க்கவில்லை. போனைப் படியில் வைத்தேன். அதற்குள் என் கப்பல் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கும், அல்லது இந்நேரம் முழுகியிருக்கும், சாந்தரூபி திட்டிக்கொண்டிருப்பாள், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். பள்ளத்தில் இறங்கிக் குடத்தை எடுத்துக் கவிழ்த்தேன், தேங்காய் நாரை உள்ளே விட்டு அடியில் இருந்த வழுக்கலைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். மண்ணுக்குள் அந்தக் குடுகுடு கிட்டத்தில் வந்தது, குழாய் ஒரு தடவை பலமாக இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பிவிட்டு, மறுபடியும் வெறும் வாயாக நின்றது. "கனி, வருது!" என்று மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்தேன். குடத்தை நிமிர்த்தி, குழாய்க்கு நேர் கீழே, நடுவில் வரும்படி நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த குடத்தைத் தேய்க்க எடுத்தேன்.